கோட்டை வீட்டில் ஒரு விளக்கு மாடம்

நான் கையால் செய்த பொருட்களில் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் இதுவரை ஒரு நிபுணர் புகழ்ந்து எழுதியிருக்கிறார். "தேர்ந்த கை" என்று எழுதினார். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, முழுதாக நான்கு பக்கங்கள். அதைச் செய்தவன் தனக்கு முன்னால் துடைப்பத்தோடு நின்ற ஆள்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. எப்போதோ செத்துப்போன, கல் கட்டும் ஒரு மேசனின் வேலை என்று நினைத்துவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்கு ஐம்பது வருட அனுபவம் உண்டு.

எனக்குக் கூச்சம் அதிகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதால் வந்த கூச்சம் என்று கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்திலேயே, வாத்தியார் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லக் கூச்சப்பட்டு, வந்த நாட்களிலும் வராதவனாகப் பதியப்பட்டவன் நான். ஆகவே பழியை வேறு யார் மேலும் போட முடியாது. யாராவது ஏதாவது கேட்டால், கேள்வி முடிவதற்கு முன்பே ஆம் என்று சொல்லிவிடுவேன். ஆம் என்றால் கேட்டவர் திருப்தியாகப் போய்விடுவார். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார். பிறகு நான் பேச வேண்டிவரும்.

இப்படித்தான், நான் குடியேறிய இந்தக் கனடா நகரத்தில், ஒரு சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போன நான், கடைக்காரர் கேட்ட ஏதோ ஒன்றுக்கு "வீ, வீ" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டு, பச்சைச் செதில் செதிலாக இருந்த ஒரு காயை ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தேன். மனைவி அதில் ஒன்றை எடுத்துச் செதில் செதிலாக உரித்தாள். உரித்து முடிந்தபோது கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு 'இல்லை' எண்ட சொல்லை ஒருத்தரும் படிப்பிக்கேல்லையோ?"

"நான் அஞ்சாம் வகுப்பு மட்டும்தானே படிச்சனான். அது ஆறாம் வகுப்பிலை வருமாக்கும்."

"பகிடி வேறை. இந்தச் செதிலிலை கறி வைக்கிறன். நீங்களே இருந்து தின்னுங்கோ."

தின்றேன்.

நான் வேலை செய்வது நகரத்தின் வடக்கே, ஆற்றங்கரைப் பக்கம், தேவாலயத்தை ஒட்டியிருக்கும் ஒரு பாதர்மார் வீட்டில். நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் மெத்ரோ ரயில் ஏறி, பிறகு பஸ் எடுத்துப் போகவேண்டும். வீடு என்று சொல்கிறேனே தவிர, அது ஒரு கோட்டை. கல்சுவரின் தடிப்பு நான் கையை முழுதாக நீட்டினாலும் மறுபக்கம் எட்டாத அளவு. ஒரு மூலையில் வட்டக் கோபுரம். ஜன்னல் இருக்கவேண்டிய இடங்களில், வெளியே நாலு விரல் அகலமும் உள்ளே கதவளவு அகலமுமாக விரியும் நீட்டுத் துவாரங்கள். உள்ளே நின்று துவக்கை நீட்டிச் சுடுவதற்கான துவாரங்கள். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் விட்டு வந்த இடத்தில் இப்படிப்பட்ட துவாரங்களுக்கு வெளிப்பக்கம் நின்றிருக்கிறேன். அந்த ஒரு பாடத்தில் மட்டும் நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன்.

அந்த வீட்டில் இப்போது இருப்பவர் ஒரே ஒரு பாதர். வயது எண்பத்துநாலு. வீட்டின் கதையை எனக்கு மெதுவான பிரெஞ்சில் சொன்னவர் அவர்தான்; கேட்டால் எனக்கு விளங்கும், பேசத்தான் தடுமாறும். ஐரோப்பாவில் இடைக்காலத்தில், எல்லைப்புற ஊர்களில் கொள்ளைக்காரர் அடிக்கடி வருவார்களாம். அதனால் அங்கே பாதர்மார் கோபுரம் போன்ற வீடுகளைக் கட்டி இருந்தார்களாம். கீழே மாடுகள், மேலே பாதர், நடுவில் ஓர் ஏணி. ஆபத்து வந்தால் ஏணியை மேலே இழுத்துவிடுவது. மாடுகள் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் நிழலில் வளர்ந்த ஒருவர்தான் முன்னூறு வருடங்களுக்கு முன் இங்கே வந்து, தனக்குத் தெரிந்த ஒரே மாதிரியில் இந்த வீட்டைக் கட்டியிருக்கிறார். யார் அதைத் தாக்கினார்கள் என்று பாதருக்கும் சரியாகத் தெரியாது. குளிர் தாக்கியது மட்டும் நிச்சயம். அது துவக்குக்குப் பயப்படவில்லை.

பிறகு வந்த பாதர்மார் ஒவ்வொருவரும் அந்தக் கோட்டையோடு சண்டை பிடித்திருக்கிறார்கள். கண் மங்கிய ஒருவர் மூன்று துவாரங்களை இடித்து ஜன்னலாக்கினார். காற்று வாங்க விரும்பிய ஒருவர் மரத்தில் பல்கனி கட்டினார். வாசலருகே இருந்த துவாரம் கடிதப் பெட்டி ஆனது. வெடிமருந்து வைத்திருந்த கோபுர அறையை ஒருவர் கழிவறை ஆக்கினார். அதன் குழாய் ஒவ்வொரு ஜனவரியும் உறைந்து வெடிக்கும். முன்பு அங்கே இருந்த மருந்து வெடித்ததாகத் தகவல் இல்லை. இவ்வளவு மாற்றங்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் தூசி படியும் விதம் வேறு.

முதலில் நான் அந்த வீட்டுக்கு வந்தது ஒரு போர்த்துக்கேய மேசனின் கையாளாக. இரண்டு கோடைகாலம் சுவர் திருத்தினோம். பழைய சுவருக்குச் சீமெந்து ஆகாது, சுண்ணாம்புச் சாந்துதான் வைக்கவேண்டும். சாந்து குழைப்பதும் கல் தூக்கிக் கொடுப்பதும் என் வேலை. வேலை முடிந்து எல்லாரும் போனபோது, இங்கேயே பராமரிப்பு வேலைக்கு நிற்கிறாயா என்று பாதர் கேட்டார். வழக்கம்போல ஆம் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆம்களில் வெட்கப்படத் தேவையில்லாதது அது ஒன்றுதான்.

முதல் குளிர்காலத்திலேயே பேஸ்மென்டில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் பொயிலர் என்னைப் பழிவாங்கத் தொடங்கியது. விடிய ஆறு மணிக்குப் போனால் அணைந்துபோய்க் கிடக்கும். மேலே பாதர் மேலங்கியோடு படுக்கையில் இருப்பார். என் புலம்பலைக் கேட்ட மனைவி, கலண்டரில் இருந்த பிள்ளையார் படத்தை வெட்டித் தந்தாள். "உந்த மெசினுக்குப் பக்கத்திலை வையுங்கோ. கும்பிட்டுட்டுச் சுவிட்சைப் போடுங்கோ." படத்தை எங்கே வைப்பது? பொயிலருக்கு மேலே வைத்தால் எரிந்துவிடும். கீழே வைப்பது மரியாதை இல்லை. பொயிலர் அறைச் சுவரில் ஓரிடத்தில் கற்கள் ஆடிக்கொண்டிருந்தன. மிச்சச் சுண்ணாம்பு ஒரு வாளியில் இருந்தது. நாலு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆடிய கற்களைக் கழற்றி, அந்தக் குழியை ஒழுங்காக்கி, ஒரு விளக்கு மாடம் கட்டினேன்.

அடிக்கல் வைக்கும்போது, எங்கள் ஆட்கள் வீடு கட்டத் தொடங்கினால் செய்வதைத்தான் நானும் செய்தேன். கல்லுக்குக் கீழே ஒரு துண்டு மஞ்சளும் ஒரு காசும் வைத்தேன். காசு என்றால் ஒரு சதம், டொலரில் நூறில் ஒன்று. அப்போது கனடாவில் ஒரு சதக் குற்றி புழக்கத்தில் இருந்தது. பொன் வைக்கவேண்டும் என்பார்கள். செம்பு நிறம் போதும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

பிள்ளையாரை வைத்த அதே வாரம் ஒரு தொழிலாளி வந்து பொயிலரில் ஏதோ ஒரு பாகத்தை மாற்றிவிட்டுப் போனார். அதன் பிறகு அது அணையவே இல்லை. நான் முழுப் பெருமையையும் பிள்ளையாருக்கே கொடுத்தேன். ஒவ்வொரு வெள்ளியும் நல்லெண்ணெய் விளக்கு ஏற்றினேன். யாருக்கும் சொல்லவில்லை. பாதர்மார் வீட்டின் அடித்தளத்தில் பிள்ளையார் இருக்கிறார் என்று யாரிடம், எந்த மொழியில் சொல்வது? பாதருக்கும் தெரியாது. அவர் பேஸ்மென்ட் படிகளில் இறங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

பேஸ்மென்ட் படிகள் மட்டுமல்ல, எந்தப் படியும் அவருக்கு எதிரியாகிவிட்டது. அவருடைய அறை மேல்மாடியில். கோபுரத்துக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும் முப்பத்தொரு கல்படிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு அவர் இறங்கும்போது, நான் அவருக்கு முன்னால் பின்பக்கமாக இறங்குவேன். அவர் விழுந்தால் பிடிப்பதற்கு.

"தளபதி," என்பார் பாதர். கோட்டையின் சாவிகள் எல்லாம் என்னிடம் இருப்பதால் எனக்கு அவர் வைத்த பெயர். "நான் விழுந்தால் உன்னால் பிடிக்க முடியாது. ஆனால் நீ முதலில் விழு. நான் மெத்தென்று விழுவேன்."

இரண்டு முறை வழுக்கினார். இரண்டாம் முறை முழங்கால் வீங்கியது. லிஃப்ட் வைப்பது அல்லது லொங்குய்யில் உள்ள முதியோர் இல்லத்துக்கு அவரை அனுப்புவது என்று தேவாலயப் பங்கின் நிர்வாகக் குழு முடிவெடுத்தது. பாதர் போக விரும்பவில்லை. அவருடைய கட்டிலருகே இடிக்காமல் விட்ட ஒரு துவாரம் இருந்தது. அதன் வழியாக ஆற்றின் ஒரு கீற்றுத் தெரியும்.

"லொங்குய்யில் ஜன்னல் பெரியதாம். ஆறு முழுவதும் தெரியுமாம்," என்றார் என்னிடம். "எனக்கு இந்த நாலு விரல் ஆறு போதும், தளபதி."

லிஃப்டுக்கு இடம் பார்க்க ஓர் எஞ்சினியர் வந்தார். சென்னைக்காரர். முப்பது வருடமாக இங்கே இருப்பவர். என்னைத் தமிழன் என்று கண்டதும், "சார், நீங்க ஸ்ரீலங்காவா? சூப்பர் சார்!" என்றார். அதுவரை என்னை ஒருவரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். வீடு முழுவதும் அளந்துவிட்டு, ஒரே ஒரு மூலையில்தான் லிஃப்ட் வைக்கலாம் என்றார். அந்த மூலையில் எல்லா மாடிகளிலும் இருந்தவை பிற்காலத்தில் கட்டிய மெல்லிய சுவர்கள். ஆகவே உடைக்கலாம். கீழே அது பொயிலர் அறையில், என் மாடம் இருந்த சுவர்ப் பக்கம் வந்து இறங்கும். அங்கிருந்து பக்கக் கதவால் படி இல்லாமல் வெளியே போகலாம்.

"பழைய கட்டடம்ங்கிறதால ஒரு மேடம் வந்து பாத்து ஓகே சொல்லணும் சார். சும்மா ஃபார்மாலிட்டிதான்."

மேடம் வந்தார். பழைய வீடுகளை ஆராய்வதே அவருடைய தொழில். அவர் படியிறங்கி வரும் சத்தம் கேட்டதும், நான் பிள்ளையாரைத் தூக்கிச் சட்டைக்குள் வைத்தேன். விளக்கை வாளிக்குள் போட்டேன். மாடத்தை எங்கே ஒளிப்பது?

அவர் டார்ச் லைட்டை மாடத்தில் அடித்தார். அப்படியே நின்றார். பிறகு முழங்காலில் இருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, கரி படிந்த கல்லை ஒரு விரலால் தடவினார். என் மனைவி கூட அவ்வளவு கவனமாக நான் செய்த எதையும் பார்த்ததில்லை.

"நீங்கள் வரும்போதே இது இங்கே இருந்ததா?" என்று கேட்டார்.

சட்டைக்குள் பிள்ளையார். என் வாயில் இருந்து எது வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

"வீ," என்றேன்.

அந்த ஒரு சொல்லின் மேல் அவர் நான்கு பக்கங்கள் எழுதினார். அறிக்கை வந்த அன்று எஞ்சினியர் அதைப் பேஸ்மென்டுக்குக் கொண்டுவந்து, எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார். மாடத்தின் உச்சி கூர்மையாக இருப்பது, இடைக்காலப் பாதர்மார் வீடுகளின் நினைவில் செய்யப்பட்டதாம். என்னிடம் குறுக்கே வைக்க நீளமான கல் இருக்கவில்லை. அதனால் இரண்டு சிறு கற்களை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்திருந்தேன். முன்பக்கத்தில் கீறல் போல இருக்கும் மெல்லிய காடி, வழியும் எண்ணெயை வடிப்பதற்காம். அது என் உளி வழுக்கிய இடம். கரியின் தடிப்பைப் பார்த்தால் பல தலைமுறைகள் இங்கே விளக்கேற்றியிருக்க வேண்டுமாம். அது பார்க் எக்ஸ்டென்ஷன் கடையில் வாங்கும் மலிவான நல்லெண்ணெய். கடைசியில்தான் "தேர்ந்த கை" வந்தது.

"யாரோ பெரிய ஆர்ட்டிஸ்ட் சார்," என்றார் எஞ்சினியர்.

நான் முகத்தைப் பொயிலர் பக்கம் திருப்பிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது என் கைகளை இரண்டு தடவை பார்த்தேன்.

ஐந்தாவது பக்கத்தைப் பற்றி எஞ்சினியர் சொன்னது அடுத்த நாள்தான். மாடம் பழையது என்றால் அது இருக்கும் சுவரும் பழையது. வீட்டின் முதல் கட்டத்தைச் சேர்ந்தது. அதை உடைக்கக் கூடாது. ஆகவே லிஃப்ட் இல்லை. வேறு இடமும் இல்லை. மாதக் கடைசியில் கூட்டம் கூடி, பாதரை லொங்குய்க்கு அனுப்பும் நாளைக் குறிப்பார்கள்.

மனைவியிடம் சொன்னேன். அவள் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அகப்பையோடு திரும்பினாள்.

"அப்ப, பிள்ளையாருக்குக் கட்டின மாடத்தாலை பாதர் வீட்டை விட்டுப் போறார்?"

"ஓம்."

"அதைக் கட்டினது நீங்கள் எண்டு அவைக்குத் தெரியாது?"

"ஓம்."

"நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ."

"சொன்னால் வேலை போயிடும். ஒளிச்சு வைச்சுக் கும்பிட்டவன், பொய் சொன்னவன் எண்டு..."

"வேலை போனா வேறை வேலை. அந்த மனுசன் போனாத் திரும்பி வருவாரோ?" அகப்பையை என் பக்கம் நீட்டினாள். "உண்மையைச் சொல்லுங்கோ. வேலைக்கோ பயப்பிடுறியள்? இல்லாட்டி உந்தப் புகழ் போயிடுமெண்டோ?"

பருப்பு நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

கூட்டத்துக்கு முன் மேடம் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் சொல்லிவிடுவது என்றுதான் அவருக்குக் கிட்டப் போனேன். முதல் முறை அவர் நின்ற அறையின் ஜன்னலைத் துடைத்தேன். இரண்டாம் முறை அதே ஜன்னலை மறுபடியும் துடைத்தேன். மூன்றாம் முறை அவரே, "இந்த வீட்டை எவ்வளவு நேசிக்கிறீர்கள்!" என்று என்னைப் பாராட்டினார். "வீ, மெர்சி," என்று நன்றி சொல்லிவிட்டு, கோபுரக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். வெடிமருந்து வைத்த காலத்தில் கூட அந்த அறைக்குள் அவ்வளவு பயம் இருந்திருக்காது.

அந்த ஞாயிறு பாதரைக் கீழே இறக்கும்போது, இருபதாவது படியில் அவர் நின்றார். மூச்சு வாங்கியது.

"இன்னும் இரண்டு மூன்று ஞாயிறுதான், தளபதி. பிறகு நீ முன்பக்கமாக இறங்கலாம்."

நான் பின்பக்கமாக நின்றபடி அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கயிற்றை அன்று காலை நான்தான் கட்டியிருந்தேன். ஒரு பக்கம் நீளமாகத் தொங்கியது. அந்த நீளக் கயிற்றைப் பார்த்தபோதுதான் முடிவெடுத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். நான் முடிவெடுக்கவில்லை. கயிற்றை இறுக்கிவிட்டு மறுபடியும் இறங்கத் தொடங்கினேன்.

கூட்டம் சாப்பாட்டு அறையில் நடந்தது. மேசையைச் சுற்றி நிர்வாகக் குழுவில் நாலு பேர், மேடம், எஞ்சினியர். பாதர் மேலே தன் அறையில். என் வேலை கோப்பி ஊற்றுவது. லொங்குய்க்குப் போகும் நாளை யாரோ ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். என் கையில் இருந்த கோப்பிப் பாத்திரத்தை மேசையில் வைத்தேன். கொஞ்சம் பலமாக வைத்திருக்க வேண்டும். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்களை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். மூன்றுதான் தேறின. "மாடம். நான். செய்தது."

ஒருவருக்கும் விளங்கவில்லை. மேடத்துக்கு மட்டும் விளங்கியது. ஆனால் அவர் நம்பவில்லை. முகத்தில் இரக்கம் வந்தது.

"பாவம்," என்றார் மற்றவர்களிடம். "பாதர் போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார்." பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல, "உங்கள் அன்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் அது ஒரு பழைய மேசனின் வேலை. நீங்களே என்னிடம் அப்படித்தானே சொன்னீர்கள்?"

"நோன்," என்றேன்.

இல்லை என்று பிரெஞ்சில் நான் சொன்ன முதல் தடவை. தமிழிலும் அதிகம் சொன்னதில்லை. ஒருவரும் ஏன் என்று கூடக் கேட்கவில்லை. இவ்வளவு காலமும் நான் வீணாகப் பயந்திருக்கிறேன்.

எஞ்சினியரைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "தம்பி, இவைக்குச் சொல்லுங்கோ. அதைக் கட்டினவன் நான்தான். பிள்ளையார் வைக்கக் கட்டினனான். அண்டைக்குப் பயத்திலை பொய் சொல்லிப்போட்டன். நம்பாட்டி என்னோடை கீழை வரச் சொல்லுங்கோ. அடிக்கல்லுக்குக் கீழை ஒரு சதக் குற்றியும் மஞ்சளும் கிடக்குது."

அவர் வாயைப் பிளந்தார். "பிள்ளையாரா? சார்! நீங்களா அந்த ஆர்ட்டிஸ்ட்?" பிறகு பிரெஞ்சில் மற்றவர்களுக்குச் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார். நடுவில் இரண்டு கைகளையும் விரித்து ஏதோ ஒரு பெரிய உருவத்தைக் காட்டினார். பிள்ளையாராக இருக்கவேண்டும்.

எல்லாரும் பொயிலர் அறைக்கு இறங்கினோம். உளியும் சுத்தியலும் எடுத்தேன். மேடம் ஓரடி முன்னால் வந்து, உடைக்காதே என்று சொல்வதற்குக் கையைத் தூக்கினார். பிறகு கையை இறக்கிக்கொண்டார். நான் முதல் அடியை மெதுவாக வைத்தேன். சாந்து அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது அடிக்கும் அசையவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால், அவ்வளவு அவமானத்திலும், எவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறேன் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. மனைவியின் கேள்விக்கு அதுதான் பதில் போல.

ஏழாவது அடியில் கல் கழன்றது. கீழே, காய்ந்து கறுத்த ஒரு துண்டு மஞ்சள். பக்கத்தில் ஒரு சதம். எஞ்சினியர் அதைச் சட்டையில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் மகாராணியின் தலை, மறுபக்கம் மேப்பிள் இலை. அதில் இருந்த ஆண்டு, நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு அடித்த காசு என்பதைக் காட்டியது.

"எங்க வீட்டு ஃபவுண்டேஷன்லயும் காசு போட்டோம் சார்!" என்று சிரித்தார். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் மேடம் உட்கார்ந்தார். காசை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"உச்சி ஏன் கூர்மையாக இருக்கிறது?" என்று கேட்டார்.

எஞ்சினியர் மூலம் சொன்னேன். "நீளமான கல் இருக்கேல்லை."

"முன்பக்கத்துக் காடி?"

"உளி வழுக்கிப்போட்டுது."

அதையும் குறிப்பேட்டில் எழுதினார். பிறகு பேனையை மூடினார். அப்போதுதான் சிரிப்பு வந்தது. முதலில் அவருக்கு, பிறகு மற்றவர்களுக்கு. நான் பிந்தித்தான் சிரித்தேன். சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

வேலை போகவில்லை. இனிமேல் சுவரில் எதையும் செய்வதற்கு முன் கேட்கவேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. மேடம் அறிக்கையைத் திருத்தி, அந்தச் சுவரை உடைக்கலாம் என்று எழுதினார். வீட்டில் இதுவரை நடந்த மாற்றங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. கண் மங்கிய பாதரின் ஜன்னல்கள், பல்கனி, கடிதப் பெட்டி, கோபுரக் கழிவறை. கடைசியில் நான். எஞ்சினியர் வாசித்துச் சொன்னார். "பொயிலர் அறை மாடம்: மிக அண்மைக்காலச் சேர்க்கை. வீட்டுப் பராமரிப்பாளர் செய்தது. பாதுகாக்க வேண்டிய மதிப்பு எதுவும் இல்லை."

அன்று மாலை அதை மனைவிக்கு அப்படியே ஒப்புவித்தேன்.

"மதிப்பு இல்லையெண்டு எழுதினது மாடத்தையோ, உங்களையோ?" என்றாள். ஆனால் அன்றைக்கு எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்தாள்.

மாடத்தை நானே கழற்றினேன். கற்களை ஒழுங்காக அடுக்கி வைத்தேன். பிள்ளையார் எங்கள் வீட்டுக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருக்கிறார். அந்தக் குளிர்காலம் பொயிலர் இரண்டு தடவை அணைந்தது. நான் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

லிஃப்ட் வேலை முடிந்தது இளவேனிலில். முதல் நாள் பாதர் தனியாக ஏறி, மேலிருந்து நேரே பேஸ்மென்டுக்கு வந்தார். நான் பொயிலர் அறையில் நின்றேன். இரும்புக் கதவு திறந்தது. கையில் தடியோடு, புதுச் சவரம் செய்த முகத்தோடு நின்றார்.

"எங்கே இருந்தது உன்னுடைய மாடம்?"

"நீங்கள் நிற்கிற இடம், பாதர்."

அவர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு, எதையோ மிதித்துவிட்டவர்போல, ஒரு காலைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"தேர்ந்த கை என்று எழுதியிருந்தாரே."

"அதை வெட்டிவிட்டார்கள், பாதர்."

"என்னிடம் அந்த முதல் அறிக்கையின் பிரதி இருக்கிறது." பொத்தானில் விரலை வைத்தார். "ஏறு, தளபதி. மேலே போய் ஆற்றைப் பார்ப்போம்."

"வீ," என்றேன். ஆனால் அந்தப் பளபளப்பான பெட்டிக்குள் என் அழுக்குச் சப்பாத்தோடு ஏறக் கூச்சமாக இருந்தது. சப்பாத்தைத் துடைக்கக் குனிந்தேன். நிமிர்வதற்குள் கதவு மூடிவிட்டது. பேஸ்மென்ட் படியேறிக் கோபுரப் பக்கம் ஓடி, முப்பத்தொரு படிகளையும் ஏறினேன், இந்தத் தடவை முன்பக்கமாக. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. பாதர் தடியை ஊன்றிக்கொண்டு, படிவாசலில் எனக்காகக் காத்து நின்றார்.